வினாடிக்கு நான்கு இடறல்: பழைய கணினி விளையாட்டுகளும் நேரத்தின் வரலாறும்

2010 அக்டோபரில் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ என்னும் விளையாட்டை, அக்காலத்தில் எந்த வீட்டிலும் இருந்திராத ஆற்றல் கொண்ட இன்றைய கணினி ஒன்றில் ஓட்டினால் வினோதமான ஒன்று நிகழ்கிறது. திரை வினாடிக்கு 60 படங்களைத் தவறாமல் காட்டுகிறது. செயலியின் பெரும்பகுதி வேலையின்றிக் கிடக்கிறது. ஆயினும் பாலைவனத்தில் நடந்து செல்லும் பாத்திரம் வினாடிக்கு ஏறத்தாழ நான்கு முறை மெல்ல இடறுகிறது. விளையாடுவோர் இதனை ‘ஸ்டட்டர்’ என்கின்றனர். தமிழில் திக்கல் எனலாம்.

பழைய நிரல்கள் அவசரக் கோலமாக எழுதப்பட்டவை, அதனால் புதிய பொறிகளில் தடுமாறுகின்றன என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். கணினி அறிவியல் வகுப்பறைகளிலும் இதுவே பேசப்படுகிறது. இந்த விளக்கம் பொய்யன்று. ஆனால் மிக எளிதானது. தனிக்கணினி பிறந்த 1981 முதல் இன்றுவரை ‘இப்போது மணி என்ன?’ என்ற கேள்விக்கு அந்தப் பொறி குறைந்தது ஐந்து வெவ்வேறு வழிகளில் விடை சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு வழியும் தன் காலத்தில் நியாயமானதே. விளையாட்டுகளின் திக்கல் என்பது அந்த ஐந்து விடைகளுக்கிடையே உள்ள முரண்பாடுகளின் தடயம். ஆகவே அதனை வன்பொருள் வரலாற்றின் மூல ஆவணமாகவும் வாசிக்க முடியும்.

ஐபிஎம் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட தனிக்கணினியில் இன்டெல் 8088 நுண்செயலி 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது என்பது பலரும் கேட்க மறந்த கேள்வி. கணினியின் தாய்ப்பலகையில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஒரு குவார்ட்ஸ் படிகம் இருந்தது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சியில் நிறத்தைச் சுமந்து வரும் துணை அலையின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதன் நான்கு மடங்குதான் 14.31818. கணினியை வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து வண்ணம் காட்ட இது வசதியாக இருந்தது. அதே படிகத்தை மூன்றால் வகுத்துச் செயலிக்கும், பன்னிரண்டால் வகுத்து நேரக் கருவிக்கும் கொடுத்தனர். இன்டெல் 8253 என்னும் அந்த நேரக் கருவிக்கு இவ்வாறு 1.193182 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு கிடைத்தது. அதனை 65,536-ஆல் வகுத்தால் வினாடிக்கு 18.2 துடிப்பு, அதாவது ஏறக்குறைய 55 மில்லிவினாடிக்கு ஒரு குறுக்கீடு. டாஸ் காலத்துத் தனிக்கணினி உலகின் நேரம் முழுவதும் இந்த 18.2-இன் மேல் கட்டப்பட்டது.

இந்தியாவில் 1982-இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கியபோது தேர்ந்தெடுக்கப்பட்டது என்டிஎஸ்சி அன்று, பால் முறை. எனினும் தில்லி நேரு பிளேஸிலும் சென்னை ரிச்சி தெருவிலும் விற்பனையான ஐபிஎம் ஒத்தியல்புக் கணினிகள் எல்லாம் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நாடித்துடிப்பைத் தங்களுக்குள் வைத்துக்கொண்டுதான் இங்கு வந்து சேர்ந்தன. இன்றும் அந்தத் துடிப்பு முற்றாக நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர் காணலாம்.

விளையாட்டு எழுதுவோருக்கு 55 மில்லிவினாடி என்பது மிகவும் பருமனான அளவு. அசைவு கண்ணுக்குச் சீராகத் தெரிய வேண்டுமானால் அதனினும் நுண்ணிய நேரம் வேண்டும். சிலர் நேரக் கருவியை வேறு வேகத்துக்கு மாற்றி அமைத்தனர். வேறு சிலர் நேரத்தை அளக்கவே இல்லை. எல்லாக் கணினியும் 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது வெறுமனே எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு சுழற்சியே போதுமான கடிகாரம் அல்லவா? அவர்கள் செயலியையே கடிகாரமாகக் கொண்டனர். 1984-இல் 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 80286 செயலியோடு ஐபிஎம் ஏடி வந்தபோது அந்தக் கடிகாரம் பொய்த்தது.

கணினிப் பெட்டியின் முகப்பில் ‘டர்போ’ என்று எழுதப்பட்ட பொத்தான் தோன்றியதன் காரணம் இதுவே. பெயர் வேகத்தைச் சொன்னாலும் அப்பொத்தானின் பயன் வேகத்தைக் குறைப்பதுதான். அதனை விடுவித்தால் கணினி பழைய வேகத்துக்கு அருகே இறங்கும். பழைய விளையாட்டு ஆடத்தக்கதாகும். பல பெட்டிகளில் அதனருகே மெகாஹெர்ட்ஸ் காட்டும் சிவப்பு எண்பலகையும் இருந்தது. அது எதையும் அளந்து காட்டியதில்லை. பெட்டியைக் கோத்தவர் ஜம்பர் முனைகளை எப்படி மாற்றி வைத்தாரோ அந்த எண்ணையே காட்டியது. கணினியின் வேகம் என்பது விற்பனைக்குரிய ஒரு எண்ணாக மாறிய காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான அருங்காட்சியகப் பொருள் கிடைப்பது கடினம்.

ஆரிஜின் சிஸ்டம்ஸ் 1990-இல் வெளியிட்ட ‘விங் கமாண்டர்’ விளையாட்டில் விண்கலப் போர் எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் செயலியே தீர்மானித்தது. அடுத்த தலைமுறைச் செயலிகளில் எதிரிக் கலங்கள் கண்ணிமைப்பதற்குள் கடந்து சென்றன. அதே பத்தாண்டில் ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட ‘டூம்’ வேறு வழியில் சென்றது. 1993-இல் வந்த அந்த விளையாட்டின் உலகம் நேரக் கருவியைக் கேட்டு வினாடிக்குச் சரியாக 35 அடி வைத்தது. படம் வரைவதன் வேகம் எதுவாயினும் உலகின் வேகம் மாறவில்லை. மூன்றே ஆண்டு இடைவெளியில் வந்த இவ்விரண்டில் ஒன்று இன்று எங்கும் ஓடுகிறது. மற்றொன்று மெதுவாக்கும் கருவியின்றி ஆட முடியாததாயிற்று. ஆகவே ‘அக்காலத்து நிரலாளர்கள் அப்படித்தான்’ என்று பொதுமைப்படுத்துவது வரலாற்றுக்கு உதவாது.

செயலியைக் கடிகாரமாக நம்பியதன் மிகத் தூய எடுத்துக்காட்டு போர்லண்ட் நிறுவனத்தின் பாஸ்கல் மொழிக் கருவியில் கிடைக்கிறது. அதன் சிஆர்டி என்னும் பகுதி, நிரல் தொடங்கும் கணத்தில் ஒரு 55 மில்லிவினாடித் துடிப்புக்குள் வெற்றுச் சுழற்சி எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணும். பின்னர் அதனை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லிவினாடிக்கு எத்தனை சுழற்சி என்று குறித்துக்கொள்ளும். விடை 16 பிட்டுக்குள், அதாவது 65,535-க்குள் அடங்க வேண்டும். 1992-இல் அதனைத் தாண்டக்கூடிய செயலி எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஏறத்தாழ 200 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் வந்ததும் விடை வழிந்தது. நிரல் தொடங்கிய உடனேயே ‘ரன்டைம் பிழை 200’ என்று அறிவித்து நின்றது. பூச்சியத்தால் வகுத்தல் என்பது அந்தப் பிழையின் பெயர். உண்மையில் எவரும் பூச்சியத்தால் வகுக்கவில்லை. பொறி எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்தது, அவ்வளவே. மூலநிரல் தொலைந்துபோன நிரல்களுக்கு, இயங்கும் கோப்பிலேயே சில பைட்டுகளை மாற்றி எழுதும் சிறு கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதிப் பரப்பினர். பழைய விளையாட்டுகளைத் திருத்தும் மரபுக்கு இது ஒரு முன்னோடி.

1993-இல் இன்டெல் பென்டியம் செயலியில் புதிய பதிவகம் ஒன்று இடம்பெற்றது. டைம் ஸ்டாம்ப் கவுண்டர், சுருக்கமாக டிஎஸ்சி. செயலி தொடங்கியதிலிருந்து கடந்த துடிப்புகளை 64 பிட்டில் எண்ணிக்கொண்டே செல்லும் எண்ணி அது. ஆர்டிடிஎஸ்சி என்ற ஒரே கட்டளையால் அதனைப் படிக்கலாம். இயங்குதளத்தின் அனுமதி தேவையில்லை. செலவோ சில பத்துத் துடிப்புகள். செயலியின் வேகத்தைத் தொடக்கத்தில் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் நானோவினாடி வரை நேரம் சொல்லும் கடிகாரம் கையில் கிடைத்துவிடும். மெதுவான வன்பொருள் நேரக் கருவிகளோடு போராடிய விளையாட்டு நிரலாளர்களுக்கு இது வரமாகவே தோன்றியிருக்கும். அந்த வரம் மூன்று நிபந்தனைகளின் மேல் நின்றது: செயலியின் வேகம் மாறாது, செயலி உறங்காது, கணினியில் செயலி ஒன்றே ஒன்று. மேசைக் கணினியைப் பொறுத்தவரை 1990-களில் மூன்றும் உண்மை.

மூன்றும் ஒருங்கே பொய்யான ஆண்டு 2005. அதன் பின்னணி இயற்பியல். டிரான்சிஸ்டர்கள் சிறுத்துக்கொண்டே போனால் அவற்றின் மின்னழுத்தமும் குறையும், ஆகவே வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாம் என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய ஐபிஎம் சகாக்களும் வகுத்த விதி, கசிவு மின்னோட்டத்தால் முடங்கியது. பென்டியம் 4 செயலி 3.8 கிகாஹெர்ட்ஸோடு நின்றது. அடுத்து வரவிருந்த ‘தேஜஸ்’ திட்டத்தை 2004 மே மாதத்திலும், 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியத்தை அதே ஆண்டு அக்டோபரிலும் இன்டெல் கைவிட்டது. வேகத்தை ஏற்ற முடியாத தொழில் எண்ணிக்கையை ஏற்றியது. 2005-இன் இடைப்பகுதியில் இன்டெல்லின் பென்டியம் டியும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2-உம் இரண்டு கோர்களோடு கடைக்கு வந்தன. நிரல்கள் தாமாகவே வேகம் பெற்ற இலவச விருந்து முடிந்துவிட்டது என்று ஹெர்ப் சட்டர் அவ்வாண்டு எழுதிய கட்டுரை இன்றும் பாடத்திட்டங்களில் இடம்பெறுகிறது. சட்டர் பேசியது எதிர்கால நிரல்களைப் பற்றி. கடந்தகால நிரல்களுக்கு என்ன ஆகும் என்பது அப்போது யாருடைய கட்டுரைக்கும் பொருளாகவில்லை.

அத்லான் 64 எக்ஸ்2-இல் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனி டிஎஸ்சி எண்ணி இருந்தது. மின்சாரம் மிச்சப்படுத்த, வேலையற்ற கோர் தன் துடிப்பைத் தாழ்த்திக்கொண்டது. அதன் எண்ணியும் உடன் தளர்ந்தது. சற்று நேரத்தில் இரண்டு கோர்களின் எண்ணிகளும் வேறு வேறு நேரம் காட்டின. இதற்கிடையே விண்டோஸ் எக்ஸ்பி, தன் வழக்கப்படி, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை இந்தக் கோரிலிருந்து அந்தக் கோருக்கு மாற்றியபடி இருந்தது. ஒரு படத்தை வரையத் தொடங்கும் நேரம் முதல் கோரில் குறிக்கப்படும். முடியும் நேரம் இரண்டாம் கோரில் குறிக்கப்படும். இரண்டையும் கழித்தால் சில வேளை மிகப் பெரிய எண், சில வேளை எதிர்ம எண். அதாவது விளையாட்டின் உலகில் நேரம் பின்னோக்கி நகர்ந்தது. பாத்திரங்கள் முன்னும் பின்னும் துள்ளின, ஒலி அறுந்தது, சில விளையாட்டுகள் உறைந்து நின்றன.

இந்திய வரலாற்று மாணவர்களுக்கு இது புதிய சிக்கலாகத் தோன்றாது. 1906 சனவரி 1 அன்று இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வரும் முன்னர், இருப்புப்பாதைகள் சென்னை வானாய்வகத்தை ஒட்டிய மெட்ராஸ் நேரத்தைப் பின்பற்றின. பம்பாயும் கல்கத்தாவும் தத்தம் நேரத்தில் வாழ்ந்தன. சீர்நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையும் பம்பாய் 1955 வரையும் தம் நேரத்தை விடவில்லை. ஊருக்கு ஊர் மணி வேறாக இருப்பதில் உள்ளூர்வாசிக்குத் தொல்லை இல்லை. பயணம் செய்பவருக்கே அது தெரியும். கோர் விட்டுக் கோர் செல்லும் நிரலின் நிலையும் அதுவே.

தீர்வுகள் பல திசைகளிலிருந்து வந்தன. ஏஎம்டி, ‘டூயல் கோர் ஆப்டிமைசர்’ என்ற சிறு நிரலை வெளியிட்டது. அது இரண்டு எண்ணிகளையும் அவ்வப்போது ஒத்திசைக்கும். விண்டோஸின் தொடக்கக் கோப்பான பூட்.ஐஎன்ஐயில் ‘யூஸ்பிஎம்டைமர்’ என்ற சொல்லைச் சேர்த்தால், இயங்குதளம் டிஎஸ்சியைக் கைவிட்டு ஏசிபிஐ நேரக் கருவிக்குத் திரும்பும். அந்தக் கருவியின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். வண்ணத் தொலைக்காட்சியின் அதே துணை அலை. 2005-இன் இரட்டைக் கோர் நெருக்கடியில் கணினி உலகம் அடைக்கலம் தேடி ஓடியது அமெரிக்கத் தொலைக்காட்சியின் நேரத்துக்குத்தான். பின்னர் அதன் இடத்துக்கு வந்த எச்பிஇடி என்னும் கருவியும் பல தாய்ப்பலகைகளில் 14.31818 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது. 2005 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், விளையாட்டு நிரலாளர்கள் ஆர்டிடிஎஸ்சியை நேரடியாகப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், இயங்குதளத்தின் ‘க்வெரி பெர்ஃபார்மன்ஸ் கவுண்டர்’ வழியாகவே நேரம் கேட்க வேண்டும், அதனையும் ஒரே கோரில் கட்டப்பட்ட ஒரே இழையிலிருந்து கேட்க வேண்டும் என்று வழிகாட்டியது. ஏற்கெனவே கடைகளில் விற்றுப்போன விளையாட்டுகளுக்கு அந்த அறிவுரை போய்ச் சேர வழியில்லை.

அந்தப் பழைய விளையாட்டுகளுக்கு ஆடுவோர் கண்ட மருந்து மிக எளியது: விளையாட்டை ஒரே கோரில் கட்டிப்போடுதல். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் நிரலின் பெயர் மேல் வலச்சொடுக்கு செய்து ‘அஃபினிட்டி’யைத் திறந்து ஒரு கோரைத் தவிர மற்றவற்றின் குறியை நீக்கிவிட்டால் போதும். நிரல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இதைச் செய்ய விரும்பாதவர்கள், விண்டோஸ் என்டி காலத்து ‘இமேஜ்சிஎஃப்ஜி’ கருவியால் அந்தக் கட்டளையை இயங்கும் கோப்பின் தலைப்பிலேயே பொறித்தனர். மைக்ரோசாஃப்டின் ஒத்தியல்புக் கருவித்தொகுப்பிலும் ‘சிங்கிள்ப்ராக்அஃபினிட்டி’ என்ற திருத்தம் இருக்கிறது. இரண்டு கோருக்குப் பணம் கொடுத்தவர் ஒன்றை மறைத்து வைத்தால்தான் தம் பழைய விளையாட்டை ஆட முடியும் என்ற நிலை, டர்போ பொத்தானின் மறுபிறவி.

வன்பொருள் இந்தப் பிழையைத் தானே திருத்திக்கொள்ள அதிக காலம் ஆகவில்லை. வேகம் மாறினாலும் உறங்கினாலும் ஒரே சீராக ஓடும் ‘மாறா டிஎஸ்சி’ 2007-இல் ஏஎம்டியின் பினாம் வரிசையிலும் 2008-இல் இன்டெல்லின் நெஹாலம் வரிசையிலும் வந்துவிட்டது. விண்டோஸ் 7 முதல் இயங்குதளம் அதனை மீண்டும் நம்பத் தொடங்கியது.

அப்படியானால் 2010-இன் ‘நியூ வேகாஸ்’ ஏன் இன்றும் இடறுகிறது? இங்கே குற்றவாளி வேறு. 2006-இன் ‘ஆப்ளிவியன்’, 2008-இன் ‘ஃபால்அவுட் 3’, 2010-இன் ‘நியூ வேகாஸ்’ ஆகிய மூன்றும் கேம்ப்ரியோ என்னும் பொறிநிரலின் மேல் கட்டப்பட்டவை. அவை நேரத்துக்கு ‘கெட்டிக்கவுண்ட்’ என்ற பழைய விண்டோஸ் அழைப்பை நம்பின. அந்த அழைப்பு மில்லிவினாடியில் விடை தந்தாலும் உள்ளே அது 15.625 மில்லிவினாடிக்கு ஒரு முறைதான், அதாவது வினாடிக்கு 64 முறைதான், புதுப்பிக்கப்படுகிறது. திரையோ வினாடிக்கு 60 படம் காட்டுகிறது. 60 படங்களுக்குள் 64 துடிப்புகளைப் பங்கிட்டால் 56 படங்களுக்கு ஒவ்வொரு துடிப்பும், மீதமுள்ள நான்கு படங்களுக்கு இரண்டிரண்டு துடிப்பும் விழும். அந்த நான்கு படங்களில் விளையாட்டின் உலகம் இரட்டை அடி வைக்கிறது. பாலைவனப் பாத்திரத்தின் வினாடிக்கு நான்கு இடறல் இதுதான்.

பழைய கணினியில் ஏன் இது தெரியவில்லை என்பது இன்னும் சுவையானது. அன்றைய கணினி பல இடங்களில் 30, 40 படங்களுக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வினாடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு துடிப்பு, சிலவற்றுக்கு மூன்று. ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவுவதைவிட இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவுவது உறைப்பதில்லை. மேலும் படவேகமே நிலையின்றி இருந்ததால் பெரிய தடுமாற்றங்களுக்குள் இந்தச் சிறு இடறல் மறைந்து கிடந்தது. வலிமையான செயலி பெரிய தடுமாற்றங்களை நீக்கியதும் அடியில் கிடந்தது மேலே தெரிந்தது. திக்கலைப் புதிய செயலி உண்டாக்கவில்லை, வெளிப்படுத்தியது.

இதைக் கண்டறிந்தவர்கள் ஆடுவோரே. மூலநிரல் கையில் இல்லாமல், இயங்கும் கோப்பைப் பிரித்துப் படித்து, ‘கெட்டிக்கவுண்ட்’ அழைப்பை இடைமறித்து நுண்ணிய நேரத்தைத் திருப்பித் தரும் ‘ஸ்டட்டர் ரிமூவர்’ என்னும் திருத்தங்களை முதலில் ‘ஆப்ளிவியனுக்கும்’ பின்னர் மற்ற இரண்டுக்கும் அவர்கள் எழுதினர். அவற்றின் இடத்தைப் பிற்காலத்தில் ‘டிக் ஃபிக்ஸ்’ வகைத் திருத்தங்கள் பிடித்தன. நேரத்தை மட்டுமன்றி, இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும் பூட்டுகளையும் அவை செப்பனிட்டன; ஏனெனில் ‘ஃபால்அவுட் 3’-இல் வேறொரு நோயும் இருந்தது. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோர்களைக் கண்டால் அந்த விளையாட்டு உறைந்து நிற்கும். அமைப்புக் கோப்பில் பயன்படுத்தும் வன்பொருள் இழைகளை இரண்டு என்று வரையறுத்தால் ஓடும். அக்காலப் பெரிய விளையாட்டுகள் பலவும் எக்ஸ்பாக்ஸ் 360-க்காகவும் எழுதப்பட்டவை. அந்தக் கருவியில் கோர்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் வன்பொருள் இழைகள் இரண்டு. அதற்கு மேல் ஒருநாளும் கூடப்போவதில்லை. கோர்களின் எண்ணிக்கை நிலையானது என்று நம்பி எழுதும் பழக்கம் அத்தகைய சூழலில் இயல்பாகவே வளரும்.

திருத்துவோரின் மரபில் அறிவும் உண்டு, மூடநம்பிக்கையும் உண்டு. ‘யூஸ்பிளாட்ஃபார்ம்கிளாக்’ என்ற விண்டோஸ் அமைப்பை இயக்கினால் திக்கல் தீரும் என்றொரு வாய்மொழி பல ஆண்டுகளாக உலவுகிறது. நிறுத்தினால்தான் தீரும் என்று அதற்கு நேர்மாறான வாய்மொழியும் உடன் உலவுகிறது. அதனை இயக்கினால் கணினி எச்பிஇடி போன்ற வெளிக் கருவியிடம் நேரம் கேட்கும். அத்லான் எக்ஸ்2 காலத்தில் அது உயிர் காத்த மருந்து. மாறா டிஎஸ்சி உள்ள செயலியில் அதற்குத் தேவையே இல்லை. வெளிக் கருவியைப் படிப்பது டிஎஸ்சியைப் படிப்பதைவிடப் பல மடங்கு மெதுவானது. படத்துக்கு ஆயிரம் முறை நேரம் கேட்கும் விளையாட்டில் மருந்தே நோயாகிவிடும். நோய் போன பின்னும் மருந்துச் சீட்டு கைமாறிக்கொண்டிருப்பது மருத்துவ வரலாற்றாளர்களுக்கும் பழகிய காட்சிதான்.

இந்த வரலாறு ஆவணக் காப்பகத்துறையிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு விளையாட்டின் கோப்புகளைப் பிட் மாறாமல் சேமித்துவிட்டால் அந்த விளையாட்டைக் காப்பாற்றியதாகுமா? ‘விங் கமாண்டர்’ கோப்பில் எங்கு தேடினாலும் அதன் வேகம் கிடைக்காது. அது செயலியில் இருந்தது. அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகத்தில் சுரம் உண்டு, தாளம் உண்டு. காலப்பிரமாணம் பாடியவரோடு போய்விடுகிறது. கைச்சுழற்சியால் வினாடிக்குப் பதினாறு, பதினெட்டுப் படங்களாக எடுக்கப்பட்ட மௌனப் படங்களை 24 படங்களாக ஓட்டிப் பார்த்த பிற்காலத்தார், அக்கால மனிதர்கள் எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் திரிந்ததாக நினைத்துக்கொண்டதும் இதே வகைப் பிழை. ‘டாஸ்பாக்ஸ்’ என்னும் போலிப்பொறி 2002-இல் வெளிவந்தபோது, வினாடிக்கு எத்தனை கட்டளைகளை ஓட்ட வேண்டும் என்பதை ஆடுபவரே கூட்டிக் குறைக்க அதில் வழி இருந்தது. ஆனால் எந்த எண் சரியானது? அந்த விளையாட்டை அக்காலத்தில் ஆடிய ஒருவரின் விரல் நினைவைத் தவிர அதற்குப் பெரும்பாலும் சான்று இல்லை. அந்தத் தலைமுறை இன்று ஐம்பதுகளைக் கடந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் இக்கேள்வி மேலும் கூர்மையானது. 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி வெளியாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கும் சேர வேண்டும். அச்சிட்ட இசைத்தாளும் நிலவரைபடமும்கூட அதன் வரையறைக்குள் வருகின்றன. கணினி விளையாட்டு வருவதில்லை. திருத்தும் உரிமையைப் பொறுத்தவரை 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அவ்வளவு கடுமையானதன்று: நிரலின் படியை முறைப்படி வைத்திருப்பவர், அது எந்தப் பயனுக்காக வழங்கப்பட்டதோ அந்தப் பயனுக்காக அதனைத் தழுவி மாற்றுவதைப் பிரிவு 52 அனுமதிக்கிறது. தாம் வாங்கிய விளையாட்டை ஓட வைப்பதற்காகச் செய்யும் திருத்தம் இதற்குள் அடங்கும் என்று வாதிட இடமுண்டு. பூட்டை உடைப்பது பற்றிய 2012-ஆம் ஆண்டின் பிரிவு 65ஏ-வும் உரிமையை மீறும் நோக்கத்தைத்தான் குற்றமாக்குகிறது. ஆக, தனிமனிதர் திருத்தலாம். திருத்தியதைப் பேணும் கடமை எந்த நிறுவனத்துக்கும் இல்லை. 2000-களில் இந்திய நகரங்களின் பிரௌசிங் சென்டர்களில் ஒரு தலைமுறை முழுவதும் ‘வைஸ் சிட்டி’யையும் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கையும் ஆடித் தீர்த்த அந்தக் கணினிகள் பழைய இரும்புக்குப் போயின. அவற்றில் எந்தச் செயலி, எந்தப் படவேகம் என்ற குறிப்பு எந்தக் காப்பகத்திலும் தேடிக் கிடைக்கப்போவதில்லை.

இதற்கிடையே தளம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 2020 மே மாதம் வெளியான விண்டோஸ் 10 பதிப்பு நேர நுண்மையைப் பற்றிய ஒரு பழைய வழக்கத்தை மாற்றியது. அதுவரை ஏதேனும் ஒரு நிரல் ஒரு மில்லிவினாடி நுண்மை கேட்டால் கணினி முழுவதும் அதற்கு மாறியது. அதன்பின் கேட்ட நிரலுக்கே அது உரியதாயிற்று. மின்சிக்கனத்துக்கு இது நல்ல மாற்றம். பின்னணியில் இசைக்கும் நிரலோ உலாவியோ கேட்டு வாங்கிய நுண்மையில் தன்னையறியாமல் குளிர்காய்ந்துகொண்டிருந்த பழைய விளையாட்டு, இப்போது ஒரு மில்லிவினாடி உறங்க நினைத்துப் பதினைந்து மில்லிவினாடி உறங்கிப் போகிறது.

2021 நவம்பரில் இன்டெல்லின் ஆல்டர் லேக் செயலிகள் பெரிய கோர், சிறிய கோர் என இரு வகைக் கோர்களோடு மேசைக் கணினிக்கு வந்தன. எல்லாக் கோர்களும் சமம் என்ற கடைசி நம்பிக்கையும் அதோடு போயிற்று. திருட்டுத் தடுப்புப் பூட்டு கொண்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள், சிறிய கோருக்கு மாறிய கணத்தில் தாம் வேறொரு கணினிக்குக் கொண்டுசெல்லப்பட்டதாகக் கருதி நின்றுபோயின. இணைப்புத் திருத்தங்கள் வந்து சேரும் வரையில் இன்டெல் ஓர் இடைக்கால வழி சொன்னது. பயாஸில் ‘பழைய விளையாட்டு ஒத்தியல்பு’ அமைப்பை இயக்கிவிட்டு, விளையாட்டைத் தொடங்கும் முன் விசைப்பலகையில் எவரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையை அழுத்த வேண்டும். விளக்கு எரிந்தால் சிறிய கோர்கள் உறங்கும். மீண்டும் அழுத்தி விளக்கை அணைத்தால் எழும்.